அருவிக்கு மரியாதை... ஆற்றுக்கு?

ஜூன் மாதம் பிறந்து, ஆரியங்காவு கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று இறங்கி, லேசாகச் சாரல் போட ஆரம்பித்தால் போதும். வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர்கள், பழைய நண்பர்கள், என்றோ ரயிலில் அறிமுகமானவர்கள் எல்லோருக்கும் திடீரென்று தென்காசிக்காரர்களின் ஞாபகம் வந்துவிடும். போன் அடிக்கும். நலம் விசாரிப்பதற்கு முன்பே கேள்வி வரும்: "குத்தாலத்துல தண்ணி விழுதா?"

'விழுது' என்று பதில் சொன்னால் மறுநாள் காலையில் வேன் வந்து நிற்கும்!

இந்தக் கேள்வியைத் தமிழ்நாடு முழுவதும் கேட்கிறார்கள். செய்தித்தாள்கள் சீசன் முழுவதும் தினமும் இதற்குப் பதில் போடுகின்றன. பேரருவியில் எவ்வளவு விழுகிறது, ஐந்தருவியில் எத்தனை கிளையில் விழுகிறது, பழைய குற்றாலத்தில் குளிக்க அனுமதி உண்டா என்று விவரம் வந்துவிடும். ஆனால் இதற்கு அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. விழுந்த தண்ணீர் எங்கே போகிறது?

அது வேறெங்கும் போவதில்லை. ஐந்து கிலோமீட்டர் தள்ளி, தென்காசிக்குத்தான் போகிறது. அதன் பெயர் சிற்றாறு.

குற்றாலத்தில் வெறும் காலோடு வரிசையில் நின்று தலையில் வாங்கிக்கொள்கிற அதே தண்ணீரை, தென்காசிப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கரையோரம் குப்பை, ஆகாயத்தாமரை, ஊருக்குள்ளிருந்து வந்து கலக்கும் கழிவுநீர். மலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. அதற்குள் தீர்த்தமாக இருந்தது சாக்கடைக்கு வடிகால் ஆகிவிடுகிறது. அருவி என்றால் மரியாதை, ஆறு என்றால் அலட்சியம். இது ஏன் இப்படி ஆனது?

பெயரிலேயே இருக்கும் ஆறு

தென்காசி என்ற பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் இங்கே காசி விசுவநாதருக்குக் கோயில் எடுத்தான். வடக்கே காசிக்கு நடந்து போகும் பக்தர்களில் பலர் போய்ச் சேராமல் வழியிலேயே இறந்துபோனார்கள் என்றும், அதனால் தெற்கிலேயே ஒரு காசி வேண்டும் என்று இறைவன் மன்னனின் கனவில் வந்து சொன்னார் என்றும் ஊரில் கதை உண்டு.

கதையை நம்பலாம், நம்பாமல் இருக்கலாம். அதில் ஒரு கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது. காசி என்றால் விசுவநாதர் மட்டும் போதாது, கங்கை வேண்டும். இங்கே கங்கைக்குப் பதிலாக இருப்பது சிற்றாறு. அந்த ஆற்றங்கரையில்தான் கோயில் எழுந்தது. ஆற்றை எடுத்துவிட்டால் 'தென்' மட்டும்தான் மிஞ்சும், 'காசி' இருக்காது.

குற்றாலத்துக்கும் இதே கதைதான். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. மலை, அருவி, ஆறு, வயல் எல்லாமே அந்தக் காலத்து மனிதருக்கு ஒரே காட்சி. 'இதுவரை டூரிஸ்ட் இடம், இதற்கு மேல் ஊர்' என்ற கோடு அப்போது கிடையாது.

மேற்கே பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தாண்டி, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் என்று சுமார் 80 கிலோமீட்டர் ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. வழியெல்லாம் சிறு சிறு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், கால்வாய் போய்ச் சேரும் குளங்கள், குளத்துக்குக் கீழே நெல் வயல்கள். ஆற்றை நம்பி வயல் இருந்ததால் ஆற்றில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆள் இருந்தது. துவைக்க, குளிக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் படித்துறைக்குப் போனதால் தண்ணீர் கெட்டால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்தது.

பிறகு குழாய் வந்தது. அது நல்ல விஷயம்தான், சந்தேகமே இல்லை. குடம் சுமந்த பெண்களின் இடுப்புக்கு அது விடுதலை. ஆனால் குழாய் வந்தபோது ஆற்றோடு இருந்த தினசரிப் பழக்கம் அறுந்துபோனது. தேவை இல்லாததைத் தினமும் யார் போய்ப் பார்ப்பார்கள்? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் மட்டும் ஆறு ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்குத் தர்ப்பணம் கொடுக்கவும் குற்றாலம் அருவிக்கரைக்குப் போய்விட்டால் அந்த ஞாபகமும் இல்லை.

சீசன் கணக்கு

பி.காம். முதலாண்டில் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. முதல் வேறு, வருமானம் வேறு. ஒருவர் பத்து லட்சத்துக்கு ஒரு மெஷின் வாங்கிப் போட்டுத் தொழில் நடத்துகிறார். வருகிற பணத்தையெல்லாம் லாபம் என்று எடுத்துச் செலவழித்துவிட்டால் என்ன ஆகும்? ஒருநாள் மெஷின் தேய்ந்து நிற்கும். புது மெஷின் வாங்கக் கையில் பணம் இருக்காது. அதனால்தான் வருடா வருடம் தேய்மானம் என்று கணக்கில் எழுதச் சொல்கிறார்கள். அதை எழுதாத கணக்கில் லாபம் பெரிதாகத் தெரியும். அது பொய் லாபம்.

இப்போது குற்றாலம் சீசன் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வரவுப் பக்கம் நன்றாகவே இருக்கிறது. லாட்ஜ் வாடகை, ஓட்டல், ஆட்டோ, நேந்திரம் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், எண்ணெய் மசாஜ், வண்டி நிறுத்தக் கட்டணம், கடை ஏலம். மூன்று மாதச் சீசனை வைத்துப் பன்னிரண்டு மாதம் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. ஒரு வருடம் சாரல் ஏமாற்றினால் அந்தக் குடும்பங்களில் கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்கே தவிப்பு வந்துவிடும். 2020-லும் 2021-லும் கொரோனாவால் அருவிகளை மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தபோது இது எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது.

இத்தனைக்கும் மெஷின் எது? லாட்ஜா? கடையா? இல்லை, தண்ணீர். காட்டிலிருந்து இறங்கிவரும் சுத்தமான தண்ணீர். அது நின்றாலோ கெட்டாலோ மற்றதெல்லாம் வெறும் கட்டடம். அந்தத் தண்ணீருக்குத் தேய்மானம் என்று யாருடைய நோட்டில் எழுதியிருக்கிறது? ஒரு சீசன் முழுக்க லாட்ஜ்களிலிருந்தும் கழிப்பறைகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வெளியேறும் கழிவு எங்கோ போயாக வேண்டும். பள்ளத்தை நோக்கித்தான் எதுவும் ஓடும். பள்ளத்தில் இருப்பது ஆறு. ஆக, வரவு ஒருவர் கையில், செலவு ஆற்றின் தலையில். ஆறு பில் போட்டுக் கேட்காது என்பதால் அது செலவே இல்லை என்று ஆகிவிடுமா?

அந்தப் பில்லை யாரோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிற்றாறு போய்ச் சேரும் சீவலப்பேரி, கோவில்பட்டி வரைக்கும் குடிநீர் எடுக்கும் இடம். இங்கே காசு மிச்சம் பிடித்துச் சுத்திகரிக்காமல் விட்டது, அங்கே இன்னொருவர் வீட்டுக் குடத்தை நோக்கிப் போகிறது.

அருவிக்குச் சட்டம் இருக்கிறது

ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயம் இல்லை. அருவிக்காக நிறையவே நடந்திருக்கிறது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-ல் தடை போட்டது. அதற்கு முன்பு சீசனில் பேரருவிக்குக் கீழே நின்றவர்களுக்கு அந்த நுரையும், காலுக்கடியில் மிதிபடும் ஷாம்பு பாக்கெட்டும் ஞாபகம் இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் குற்றாலமா என்று அப்போது முணுமுணுத்தார்கள். இன்று பெரும்பாலானவர்கள் பழகிவிட்டார்கள். பழக்கம் மாறவே மாறாது என்பது உண்மை இல்லை என்பதற்கு இதுவே போதும்.

2022-ல் இன்னொரு வழக்கு வந்தது. சில தனியார் விடுதிகள் இயற்கையாக வரும் தண்ணீரைத் திருப்பி, தங்கள் வளாகத்துக்குள்ளேயே செயற்கை அருவி அமைத்துக்கொள்கின்றன என்பது புகார். மதுரைக் கிளை அதைக் கடுமையாக எடுத்துக்கொண்டு, அப்படிப்பட்ட அருவிகளைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது.

இந்த வழக்கின் முக்கியத்துவம் தண்ணீரின் அளவில் மட்டும் இல்லை. குற்றாலத்தில் பெரிய பங்களாக்காரரும் லாரியில் வந்திறங்கிய கூலித் தொழிலாளியும் ஒரே பாறைக்கடியில் நிற்கிறார்கள். யாருக்கும் தனி வரிசை கிடையாது. போலீஸ்காரர் விசில் ஊதினால் இரண்டு பேரும்தான் நகர வேண்டும். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் குறைவு. காசு உள்ளவருக்கு மதில் சுவருக்குள் தனி அருவி கிடைத்துவிட்டால், பொது அருவி எப்படிப் போனால் அவருக்கென்ன?

2024 மே 17-ல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து, 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் ஏறி ஓடிய காட்சியை எல்லோரும் செல்போனில் பார்த்தார்கள். மேலே மலையில் பெய்கிற மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. அருவி என்பது ஆற்றின் நடுவில் ஒரு படி. அதைத் தனியாகப் பிரித்து, 'குளிக்கும் இடம்' என்று மட்டும் பார்த்தால், பின்னால் ஒரு ஆறே வந்துகொண்டிருக்கிறது என்பது மறந்துவிடும். அதே வருடம் டிசம்பர் மழையில் பேரருவியின் பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் கொட்டியது. ஞாபகப்படுத்த வேண்டியதை ஆறே ஞாபகப்படுத்துகிறது.

பேரருவியில் மனிதன் நிற்க முடிவதே ஒரு அதிசயம்தான். அவ்வளவு உயரத்திலிருந்து நேராக விழுந்தால் முதுகெலும்பு தாங்காது. இடையில் 'பொங்குமாங்கடல்' என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் குறைந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. இயற்கை தன் பங்குக்குப் பாதுகாப்பைச் செய்து வைத்திருக்கிறது. மனிதன் தன் பங்கைச் செய்ய வேண்டியது பாக்கி.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? வழக்கு, தடை, போலீஸ், ஏலம், விழா எல்லாமே அருவிக்குத்தான். 2024-ல் பழைய குற்றாலத்தை வனத்துறையிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது சுற்று வட்டாரத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அருவி யாருக்குச் சொந்தம் என்று கேட்க ஊரே இருக்கிறது. அதே தண்ணீர் ஆறாகிக் கீழே வந்த பிறகு, 'இது எனக்குச் சொந்தம்' என்று சண்டை போட ஒருவரும் இல்லை.

மற்ற ஊர்கள் கொடுத்த விலை

ஆற்றைக் கெடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் சென்னையைப் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் பச்சையப்ப முதலியார் கூவத்தில் குளித்துவிட்டுக் கோமளீஸ்வரன்பேட்டைக் கோயிலுக்குப் போவார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார்கள். இன்று கூவத்தில் குளிக்கச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

பாரிஸ் நகரத்தில் சேன் நதியில் குளிக்க 1923-ல் தடை போட்டார்கள். அந்தத் தடை நீங்கி, பொதுமக்கள் மறுபடியும் மூன்று இடங்களில் இறங்கிக் குளித்தது 2025 ஜூலையில்தான். இடையில் நூறு வருடம்! 2024 ஒலிம்பிக்கை ஒட்டி நதியைச் சுத்தப்படுத்த மட்டும் சுமார் 140 கோடி யூரோ செலவானது. மழை நாளில் சாக்கடை பொங்கி நதியில் கலக்காமல் இருக்க, பூமிக்கடியில் பிரம்மாண்டமான தொட்டி கட்டினார்கள்.

தென்கொரியாவின் சியோல் நகரத்தில் சொங்கேசொன் என்ற ஓடையை மூடி அதன்மேல் ரோடும் பாலமும் போட்டிருந்தார்கள். 2003-ல் அவற்றை இடித்துவிட்டு 2005-ல் ஓடையைத் திரும்பத் திறந்தார்கள். உலகமே பாராட்டியது. ஆனால் அந்த ஓடையில் ஓடுவதற்குத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துத்தான் விட வேண்டியிருக்கிறது.

அவ்வளவு ஏன், அசல் காசியிலேயே என்ன நிலைமை? கங்கையைச் சுத்தப்படுத்தும் திட்டம் 1986-ல் அங்கேதான் தொடங்கியது. 2014-ல் நமாமி கங்கை என்று இன்னொரு பெரிய திட்டம் வந்தது. வேலை இன்னும் முடியவில்லை.

தென்காசியின் அதிர்ஷ்டம் என்னவென்றால், இங்கே ஆறு இன்னும் சாகவில்லை. ஐந்து கிலோமீட்டர் மேலே அது உயிரோடு, குளிக்கும் அளவுக்குச் சுத்தமாக இருக்கிறது. பாரிஸ் கோடி கோடியாகக் கொட்டி வாங்கியதையும், சியோல் மோட்டார் போட்டு இறைப்பதையும் மலை இங்கே வருடா வருடம் இலவசமாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதில் அழுக்கைச் சேர்க்காமல் இருப்பது ஒன்றுதான் வேலை.

'காசு எங்கே இருக்கிறது?'

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் இதுதான். சின்னப் பேரூராட்சி, சின்ன நகராட்சி, பணத்துக்கு எங்கே போவது? சீசன் வியாபாரிகளிடம் இன்னொரு வரி போட்டால் அவர்கள் எப்படித் தாங்குவார்கள்?

நியாயமான கேள்வி. சிப்ஸ் கடைக்காரர் தலையில் இதைக் கட்டக்கூடாது. ஆனால் சீசனில் வந்துபோகும் ஒவ்வொரு வண்டிக்கும் இப்போதே கட்டணம் வாங்கத்தான் செய்கிறார்கள். அந்த வசூலிலும் ஏலத் தொகையிலும் ஒரு பங்கை 'ஆற்றுக்கு' என்று தனிக் கணக்கில் போட்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு மட்டும்தான் செலவழிக்கலாம் என்று விதி செய்தால் என்ன? அது வரி இல்லை. கணக்கில் எழுதாமல் விட்ட தேய்மானம். பெரிய விடுதிகள் சொந்தமாகச் சுத்திகரித்துவிட்டுத்தான் தண்ணீரை வெளியே விட வேண்டும் என்பதும் புதுமையான யோசனை ஒன்றும் இல்லை. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அதைச் சரிபார்க்கலாம்.

இன்னொன்று, ஆற்றை ஊர் எல்லையில் வெட்டக்கூடாது. குற்றாலம் ஒரு பேரூராட்சி, மேலகரம் ஒரு பேரூராட்சி, தென்காசி ஒரு நகராட்சி. மூன்றுக்கும் மூன்று அலுவலகம், ஆறு மட்டும் ஒன்று. மேலே இருப்பவர் விட்டது கீழே இருப்பவர் பிரச்சினை என்று இருக்கும்வரை எதுவும் நகராது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் திருநெல்வேலிக்குப் போக வேண்டும் என்ற காரணம் இருந்தது. இப்போது கலெக்டர் அலுவலகமே தென்காசியில் இருக்கிறது. மூன்று ஊரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

மலையில் மழை பெய்து தண்ணீர் உயர்ந்தால் கீழே சங்கு ஊதுகிற மாதிரி ஓர் ஏற்பாடும், அதே கம்பியில் தென்காசிக் கரையோரம் இருப்பவர்களுக்கும் எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எளிய வேலை, படித்துறைகளைச் சுத்தம் செய்து திறந்து வைப்பது. மக்கள் இறங்கி உட்காரும் இடத்தில் குப்பை கொட்டக் கொஞ்சம் கூச்சம் வரும். யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில்தான் குப்பை சேரும்.

மன்னன் விழுந்த கால்கள்

தென்காசிக் கோயிலில் பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டு ஒன்று புகழ்பெற்றது. சாதாரணமாக மன்னர்களின் கல்வெட்டு எப்படி இருக்கும்? 'நான் இதைக் கட்டினேன், அதை வென்றேன்' என்று இருக்கும். இவன் வேறு மாதிரி. தன் காலத்துக்குப் பிறகு இந்தக் கோயிலில் ஏதாவது பழுது வந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றப் போகிறவர்களின் கால்களில் விழுந்து வணங்குகிறேன் என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறான். ஒரு ராஜா, இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத மனிதர்களின் காலில் விழுகிறான்!

தேய்மானம் என்ற சொல்லை அவன் பி.காம். படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கட்டுவது ஒரு தலைமுறை, காப்பது எத்தனையோ தலைமுறை என்று தெரிந்திருக்கிறது.

கோயில் விஷயத்தில் ஊர் அவன் பேச்சைக் காப்பாற்றியது. நெருப்பில் சிதைந்து நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் மொட்டையாக நின்ற ராஜகோபுரத்தைத் திரும்ப எழுப்பி 1990-ல் குடமுழுக்கு செய்தார்கள். 2025 ஏப்ரல் 7-ல் மறுபடியும் குடமுழுக்கு நடந்தபோது ஊரே திரண்டது. கோபுரத்துக்காகக் கூடத் தெரிந்த ஊருக்கு ஆற்றுக்காகக் கூடத் தெரியாதா என்ன? கோபுரம் மன்னன் கட்டியது. ஆறு அவனுக்கும் முன்பிருந்தே ஓடுவது. அதை நம்பித்தான் அவன் கோயிலையே அங்கே கட்டினான்.

அடுத்த முறை சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். நன்றாகக் குளியுங்கள், பார்டர் பரோட்டா சாப்பிடுங்கள், மங்குஸ்தான் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது தென்காசியில் யானைப்பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஐந்து நிமிடம் கீழே எட்டிப் பாருங்கள். காலையில் உங்கள் தலையில் விழுந்த தண்ணீர்தான் அது. தலைமுடி காய்வதற்குள் அது என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரிடம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டுப் போங்கள். "தண்ணி விழுதா?" என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்லிப் பழகியவர்கள், இதையும் நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் பதில் தேடாமலா போவார்கள்?